பாட்டிலுக்குள் பனிப்படிகம் வளர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, ஒரு முழம் தூண்டில் நரம்பு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், மூன்று கிலோ டிரை ஐஸ் (திடமாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு). கருவி இவ்வளவுதான். குளிர்ந்த மேகத்துக்குள் பனிப்படிகம் வளர்வதை இவற்றை வைத்து ஒரு மணி நேரத்தில் மேசைமேல் பார்த்துவிடலாம்.

பள்ளி மாணவர்களோடு இதைப் பலமுறை செய்திருக்கிறேன். முதல் இரண்டு முறை எனக்கே வரவில்லை. பிறகு, புதிதாகச் செய்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் நான் விழுந்த இடங்களிலேயே விழுவதைப் பார்த்தேன். பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை; எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். எனவே முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு அப்புறம் ஐஸ் வாங்கப் போங்கள். ஐஸ் வந்த பிறகு படிக்க உட்கார்ந்தால், படித்து முடிப்பதற்குள் அதில் ஒரு பங்கு காற்றில் போயிருக்கும்.

1. எந்தக் குளிரில் எந்த வடிவம்

பனிப்படிகத்தின் வடிவத்தை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அது வளரும் இடத்தின் வெப்பநிலை, அங்கே இருக்கும் நீராவியின் அளவு. தகடாகப் பரவுவதா, தூணாக நீள்வதா என்பது வெப்பநிலையின் கையில் இருக்கிறது. விளிம்பு வழுவழுப்பாக நிற்பதா, கிளை விடுவதா என்பது நீராவியின் கையில்.

உறைநிலையிலிருந்து மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் வரை மெல்லிய அறுகோணத் தகடுகள் வளரும். மைனஸ் 5-ஐ ஒட்டி ஊசிகள். மைனஸ் 10 வரை தூண்கள். அதற்குக் கீழே போனால் மறுபடியும் தகடு. மைனஸ் 15-ஐச் சுற்றி, நீராவி தாராளமாக இருந்தால், எல்லோரும் தேடும் அந்தக் கிளைவிட்ட நட்சத்திரம். மைனஸ் 22-க்கும் கீழே தடித்த தகடுகளும் குட்டைத் தூண்களும் கலந்து வரும்.

அடிப்படை வடிவம் என்னவோ ஒன்றுதான்: ஆறு பக்கம் உள்ள ஒரு பட்டகம், சீவாத பென்சில் துண்டு போல. அதன் ஆறு பக்க முகங்களில் நீர் மூலக்கூறுகள் வேகமாகச் சேர்ந்தால் அகலத்தில் பரவித் தகடாகும். மேலும் கீழும் உள்ள இரண்டு முகங்களில் வேகமாகச் சேர்ந்தால் நீண்டு தூணாகும். எந்த முகம் முந்தும் என்பது சில டிகிரி வித்தியாசத்தில் தலைகீழாக மாறிவிடுகிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேலே ஈர ஸ்பாஞ்ச், கீழே டிரை ஐஸ், நடுவில் தொங்கும் நரம்பு என்று அமையும் உங்கள் பாட்டிலில் இத்தனை வெப்பநிலைகளும் ஒரே நரம்பின் மேல் அடுத்தடுத்து இருக்கப் போகின்றன. எங்கே எதைத் தேடுவது என்று தெரியாதவர்கள் மேலே ஒட்டியிருக்கும் நீர்த்துளிகளையே பத்து நிமிடம் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

2. முதல் நாளே சேர்த்துவைக்க வேண்டியவை

பாட்டில்: அரை லிட்டர் அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய குளிர்பான பாட்டில். சுவர் வழுவழுப்பாக, நிறமில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில்களில் இருக்கும் வரிவரியான மடிப்புகள் உள்ளே இருப்பதைக் கோணல் கண்ணாடி போலக் காட்டும். லேபிளின் பசையையும் தேய்த்து எடுத்துவிடுங்கள். கடைசியில் பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் அந்தப் பசைக்கு நேர் பின்னால்தான் அமையும்.

நரம்பு: மீன்பிடிப் பொருள் விற்கும் கடையில் கிடைப்பதிலேயே மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு. இதைப் பற்றி ஐந்தாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டி: தெர்மாகோல் பெட்டி. பாட்டிலை நடுவில் நிறுத்தினால் சுற்றிலும் நான்கு ஐந்து சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். பெட்டியின் சுவர் பாட்டிலின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படிகம் வளரும், ஆனால் உங்களுக்குத் தெரியாது. உயரமான பெட்டிதான் கிடைத்தது என்றால் கத்தியால் சுவரைக் குறைத்துவிடுங்கள்.

இவற்றோடு ஸ்பாஞ்ச், நான்கு குண்டூசி, ஒரு தையல் ஊசி, பேப்பர் கிளிப், செல்லோ டேப், டார்ச் விளக்கு, உருப்பெருக்கி லென்ஸ், தடித்த கையுறை, கண்ணாடிக் கவசம், ஒரு பழைய சாக்கு, சுத்தியல்.

டிரை ஐஸ் ஒரு பாட்டிலுக்கு 3 கிலோ போதும். இரண்டு கிலோ நிரப்புவதற்கு, ஒரு கிலோ இடையில் சேர்ப்பதற்கு. பெரிய ஊர்களில் விற்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்து, சோதனை செய்யும் நாளன்று வாங்குங்கள். முந்தின நாள் வாங்கி வீட்டு ஃப்ரீசரில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி, டிரை ஐஸுக்கு அடுப்பங்கரை மாதிரி. அது மைனஸ் 78.5 டிகிரியிலேயே திடநிலையிலிருந்து நேராக வாயுவாகிவிடும்.

உப்பும் ஐஸ்கட்டியும் கலந்தால் போதாதா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். போதாது. அந்தக் கலவை மிகச் சரியாக அமைந்தாலும் மைனஸ் 21 டிகிரி வரைதான் இறங்கும். நமக்கு வேண்டிய மைனஸ் 15 பாட்டிலின் நடுவில் இருக்க வேண்டுமானால் அடிப்பகுதி அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். உப்புக் கலவையில் சுவரில் வெண்படலம் மட்டும் பிடிக்கும்.

3. டிரை ஐஸைத் தொடுவதற்கு முன்

ஒரு கிலோ டிரை ஐஸ், அறை வெப்பநிலையில் சுமார் 540 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகும். வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். ஆகவே ஜன்னலும் கதவும் திறந்த அறையில், மேசைமேல் செய்யுங்கள். தரையில் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் பெட்டியை வைப்பது பார்க்க அழகாக இருக்கும், செய்யாதீர்கள். காரில் கொண்டுவரும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஏசி அறையில் செய்யலாமே என்று தோன்றும். ஏசி போட்டால் கதவை மூட வேண்டும், கதவை மூடினால் வாயு தங்கும். அதிகாலையில் செய்வது இதற்கு நல்ல விடை. ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு முடிந்துவிடும், ஐஸும் மிச்சம்.

வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்தது போல் ஆகிவிடும். டிரை ஐஸை எந்த மூடிய கலத்துக்குள்ளும் போடக் கூடாது, வாயு அழுத்தத்தில் வெடிக்கும். நம் சோதனையில் ஐஸ் பாட்டிலுக்கு வெளியே மட்டும்தான் இருக்கும். ஒரு துண்டை உள்ளே போட்டால் சீக்கிரம் குளிருமே என்று ஒரு மாணவன் மூடியைத் திருகிக்கொண்டிருந்ததை நல்லவேளையாகப் பார்த்தேன். அதிலிருந்து இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

4. பாட்டிலை வெட்டுதல்

அடியிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றிலும் வெட்டுங்கள். வெட்டிய அடிப்பகுதியை எறிந்துவிடாதீர்கள், இனி அதுதான் மூடி. பாட்டிலைத் தலைகீழாக, கழுத்துக் கீழே வருமாறு நிறுத்தப் போகிறோம். கழுத்தின் திருகு மூடியை இறுக்கமாக மூடிவையுங்கள்.

திருகு மூடியைத் திறந்துவைத்தால் என்ன ஆகும்? உள்ளே குளிர்ந்த காற்று கனமாகி அந்த வாய் வழியே கீழே வடியும். அதன் இடத்துக்கு மேலிருந்து வெதுவெதுப்பான காற்று இறங்கும். இப்படி ஒரு ஓட்டம் தொடங்கிவிட்டால் சோதனை முடிந்தது. நமக்கு அசையாத காற்று வேண்டும்.

ஸ்பாஞ்சை அடிப்பகுதியின் வட்டத்துக்கு ஏற்ப வெட்டி உள்ளே பொருத்துங்கள். பக்கச் சுவரின் வழியே நான்கு குண்டூசிகளைக் குத்தி ஸ்பாஞ்சைப் பிடித்துவையுங்கள். பசை வேண்டாம், நனைந்ததும் விட்டுவிடும்.

5. நரம்பு கட்டுதல்

அதிகம் கெட்டுப்போகும் படி இதுதான். செய்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதால் யாரும் மதிப்பதில்லை.

வீட்டில் தூண்டில் நரம்பு இல்லை என்று பருத்தி நூலை எடுத்துக் கட்டுவது முதல் தவறு. பருத்தி நூலை லென்ஸில் பாருங்கள்: பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான பிசிறுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பிசிறும் ஒரு படிகம் தொடங்க இடம். அங்கே இருக்கும் நீராவியை நூறு பேர் பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது. நூல் முழுவதும் வெள்ளைப் பஞ்சு போல உறைபனி படியும், தனிப் படிகம் ஒன்றுகூட இருக்காது. வழுவழுப்பான நைலானில் தொடங்கும் இடங்கள் குறைவு. குறைவானவை பெரிதாக வளரும்.

இந்தக் காரணம் பழையது. ஜப்பானின் ஹொக்கைடோவில் இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா 1936-இல் முதன்முதலாகச் செயற்கையாகப் பனிப்படிகம் வளர்த்தபோது, பல இழைகளை முயன்று பார்த்து முயல் முடியில் வந்து நின்றார். மற்ற இழைகளில் உறைபனி கொத்தாக மொய்த்துக்கொண்டது. முயல் முடியில் தனித்தனியாக வந்தது. நமக்குத் தூண்டில் நரம்பே போதும், முயலைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

உலோகக் கம்பி அடுத்த தவறு. கம்பி வெப்பத்தைக் கடத்தும். மேலிருக்கும் சூட்டை அது கீழே கொண்டுவந்துவிட்டால், காற்றில் இருக்கும் வெப்பநிலை வரிசையும் கம்பியின் மேல் இருக்கும் வரிசையும் பொருந்தாது.

மூன்றாவது தவறு கைவிரல் எண்ணெய். நரம்பை அளந்து வெட்டிய பிறகு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் துடையுங்கள். அதன் பிறகு நடுப்பகுதியைத் தொடாதீர்கள்.

நரம்பை ஊசியில் கோத்து ஸ்பாஞ்சின் நடுவிலும் பாட்டிலின் அடியிலும் துளைத்து வெளியே எடுத்து, டேப் போட்டு ஒட்டுங்கள். மறுமுனையில் பேப்பர் கிளிப்பைக் கட்டுங்கள். மூடியைப் பாட்டிலின் மேல் வைத்தால் கிளிப் கழுத்துக்குச் சற்று மேலே தொங்க வேண்டும், எந்தச் சுவரையும் தொடக் கூடாது. தொட்டால் சுவரில் பிடிக்கும் உறைபனி நரம்பின் மேல் ஏறி வரும்.

பாட்டிலை இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். நரம்பு ஒரு பக்கம் நடுவில் தெரிந்து மறு பக்கம் ஓரமாகத் தெரிந்தால், துளை நடுவில் விழவில்லை என்று பொருள். பொறுமையிழந்து அப்படியே விடாதீர்கள், இன்னொரு துளை போடுங்கள்.

6. ஸ்பாஞ்சை நனைத்தல், கடைசி நிமிடத்தில்

சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். நனைத்து, சொட்டாத அளவுக்கு மெதுவாகப் பிழிந்துவிடுங்கள். நீர் சொட்டி நரம்பின் வழியே இறங்கினால் கீழே போய் உறைந்து, படிகம் வளர வேண்டிய இடத்தில் கண்ணாடி மணி போல ஐஸ்கட்டி தொங்கும்.

ஐஸ் நிரப்பத் தயாரான பிறகுதான் நனைக்க வேண்டும். முன்கூட்டியே நனைத்து மூடிவைத்தால் பாட்டில் முழுக்க நீராவி நிறைந்து சுவரெல்லாம் வியர்த்துவிடும். பிறகு ஐஸ் போடும்போது அத்தனையும் சுவரில் உறைந்து திரை போட்டுவிடும். முதல் முறை நான் கெடுத்தது இப்படித்தான்.

7. ஐஸ் நிரப்புதல்

டிரை ஐஸைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடையுங்கள். கண்ணாடிக் கவசம் அணிந்துகொள்ளுங்கள். துண்டுகள் கொண்டைக்கடலை அளவில் இருந்தால் நல்லது. பெரிய துண்டுகளாகப் போட்டால் நடுவில் காற்றிடைவெளி விழும், பாட்டிலின் ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் பின்தங்கும்.

பெட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஐஸ் பரப்பி, அதன்மேல் பாட்டிலை நேராக நிறுத்தி, சுற்றிலும் நிரப்புங்கள். பாட்டிலின் பாதி உயரம் வரை வந்தால் போதும். ஈர ஸ்பாஞ்சோடு மூடியை வைத்து, வெட்டிய விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே சூடு, கீழே குளிர் என்ற இந்த அமைப்பில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. குளிர்ந்த கனமான காற்று கீழேயே கிடக்கும், லேசான காற்று மேலேயே நிற்கும். வெப்பச்சலனம் இல்லை. நீராவி மட்டும் மூலக்கூறு மூலக்கூறாக மேலிருந்து கீழே பரவும். ஐஸை மேலே வைத்து நீரைக் கீழே வைத்தால் உள்ளே காற்று கொதிப்பது போலப் புரளும்.

நடுவில் ஏன் நீராவி மிஞ்சுகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். 20 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் 23.4 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). மைனஸ் 20 டிகிரியில், பனிக்கட்டியின் மேல், சுமார் 1 ஹெக்டோபாஸ்கல்தான். இரண்டுக்கும் சரியாக நடுவில் வெப்பநிலை 0 டிகிரி. இரண்டு பக்க நீராவிக்கும் சராசரி போட்டால் 12-க்குச் சற்று மேல். ஆனால் 0 டிகிரியில் காற்று தாங்குவது 6.1 மட்டும். வந்து சேர்வதில் ஏறக்குறைய பாதி தாங்க முடியாத சுமை. பாடநூல் மொழியில் சொன்னால் காற்று அதிதெவிட்டிய நிலையில் இருக்கிறது. அந்த மிகுதி எங்கேயாவது படிந்தாக வேண்டும். சுவர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி நரம்புக்கு வரும்.

8. முதல் பத்து நிமிடம்

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மேசையில் சாயாதீர்கள்.

ஐந்து நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஐஸ் மட்டத்தை ஒட்டி நரம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பின்னால் கறுப்புத் துணியோ அட்டையோ வைத்தால் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். இந்த நேரத்தில் யாராவது ஒருவர், ஏதாவது வந்துவிட்டதா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அந்த ஒரு தூக்கலில் அறைக் காற்று உள்ளே புரண்டு, அடுக்கடுக்காக அமைந்த வெப்பநிலை கலைந்து, நரம்பு முழுக்கப் பொடிப்பொடியாக உறைபனி விழும். மறுபடி முதலிலிருந்துதான். மூடியில் டேப் ஒட்டச் சொன்னது காற்றைத் தடுக்க மட்டுமல்ல.

பாட்டிலின் வெளிப்புறம் வியர்த்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் மெதுவாகத் துடைக்கலாம். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

9. நரம்பைப் படித்தல்

அரை மணி நேரம் ஆனதும் லென்ஸை எடுங்கள். மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

மேலே, உறைநிலைக்கு மேல் உள்ள பகுதியில் நீர்த்துளிகள் இருக்கலாம், விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே மைனஸ் 5-ஐ ஒட்டி, மெல்லிய ஊசிகளோ மீன் முள் போன்ற கிளைகளோ நரம்பிலிருந்து வெளியே நீட்டியிருக்கும். மீன் முள் என்று சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. இந்தத் துறையில் இருப்பவர்களே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இன்னும் கீழே, மைனஸ் 15 பகுதியில், பெரணி இலை போலத் தட்டையாகக் கிளை விரித்திருப்பவை. வேகமாக வளர்வதும் இவைதான். ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நுனி மட்டும் நீள்வது தெரியும். தண்டின் நடுவில் மாற்றமே இருக்காது. பக்கக் கிளைகள் தண்டோடு அறுபது டிகிரி கோணத்தில் கிளம்பும். உள்ளே மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்பட்டிருப்பதை வெறும் லென்ஸில் பார்க்கிறீர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

நுனி ஏன் முந்துகிறது? தண்ணீர் லாரி வந்து நிற்கும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து முன்னே நீட்டிய குடம் முதலில் நிறையும். படிகத்தின் மூலைகள் சுற்றியுள்ள காற்றுக்குள் கொஞ்சம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதனால் அவற்றுக்கு நீராவி முதலில் கிடைக்கிறது. கிடைத்ததால் இன்னும் நீள்கின்றன. நீண்டதால் இன்னும் கிடைக்கிறது. நீராவி கொஞ்சமாக, நிதானமாக வந்தால் இந்தப் போட்டி முற்றுவதில்லை, தகடு தகடாகவே இருக்கும்.

ஐஸ் மட்டத்துக்கும் கீழே மிகக் குளிர்ந்த பகுதியில் பொடி உறைபனிதான். நீராவி அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவை எடுத்துக்கொண்டுவிடும்.

இங்கே ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறு கையும் ஒரே அளவில் உள்ள நட்சத்திரம் நரம்பில் அநேகமாக வராது. வானத்தில் விழும் படிகத்துக்கு ஆறு கைகளும் ஒரே காற்றில், ஒரே நேரத்தில் ஒரே மாற்றங்களைச் சந்திக்கின்றன. அதனால் ஒத்துப்போகின்றன. நரம்பில் ஒட்டிய படிகத்துக்கு ஒரு பக்கம் நரம்பு, ஒரு பக்கம் அண்டை வீட்டுக்காரர். வெளியே நீட்டும் இரண்டு மூன்று கைகள்தான் வளரும். வானத்திலிருந்து விழுபவையிலும் பெரும்பாலானவை ஒழுங்கற்றவைதான்; நாம் பார்க்கும் படங்கள் பொறுக்கியெடுத்தவை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உண்மையான மேகத்தில் நீர்த்துளிகள் சூழ்ந்திருப்பதால் நீராவி ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. மைனஸ் 15 டிகிரியில் பனிக்கட்டிக்குத் தேவையானதைவிடச் சுமார் 16 சதவீதம் அதிகம், அவ்வளவுதான். பாட்டிலில் அந்த எல்லை மீறப்படலாம், அதனால் நம் படிகங்கள் மேகத்தில் வளர்பவற்றைவிட அடர்த்தியாகக் கிளை விடுகின்றன.

10. வெப்பநிலையை அளத்தல்

அளக்காமலும் படிகம் வளரும். ஆனால் எது எந்தக் குளிரில் வந்தது என்று சொல்ல முடியாது.

பள்ளி ஆய்வக வெப்பமானி பெரும்பாலும் மைனஸ் 10 வரைதான் காட்டும். பாதரச வெப்பமானியைக் கீழே இறக்கவே கூடாது, பாதரசம் மைனஸ் 39 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். மல்டிமீட்டரோடு வரும், நுனியில் வெப்பநிலையை உணரும் தெர்மோகப்பிள் கம்பி இதற்குச் சரியான கருவி. அதன் நுனியை ஒரு நரம்போடு கட்டி இறக்கி, ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் மூன்று நிமிடம் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் வெளியே மார்க்கரால் கோடு போடுங்கள்.

அளப்பதையும் வளர்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். கம்பியை ஏற்றி இறக்கினால் காற்று அசையும், கம்பியிலும் உறைபனி பிடித்து நீராவியைத் தின்றுவிடும். முதல் ஓட்டம் அளக்க, இரண்டாவது ஓட்டம் வளர்க்க. ஐஸ் மட்டம் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். மைனஸ் 10-க்கும் மைனஸ் 22-க்கும் இடைப்பட்ட அந்த முக்கியமான பகுதி எவ்வளவு குறுகலானது என்று அளந்து பார்க்கும்போதுதான் உறைக்கும்: இரண்டு விரல் அகலம் இருந்தால் அதிகம். ஐஸ் கரைந்து மட்டம் இறங்கினால் அந்தப் பகுதியும் இறங்கிவிடும். தகடு வளர்ந்துகொண்டிருந்த இடத்தில் ஊசிக்கான வெப்பநிலை வந்து நிற்கும். அதனால் எடுத்துவைத்த ஒரு கிலோவிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை ஐஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. வரவில்லையா?

நரம்பில் எதுவுமே இல்லை, சுவரில் மட்டும் உறைபனி என்றால் பாட்டில் மிகக் குறுகலாக இருக்கலாம், அல்லது நரம்பு சுவரை ஒட்டித் தொங்குகிறது. அகலமான பாட்டிலுக்கு மாறுங்கள்.

சுவரிலும் இல்லை, நரம்பிலும் இல்லை என்றால் ஸ்பாஞ்ச் காய்ந்துவிட்டது. அல்லது திருகு மூடி சரியாக மூடவில்லை.

நன்றாக வந்த படிகங்கள் கொத்தாக உதிர்ந்தால் அதிர்வு. மாடிப்படியை ஒட்டிய சுவரோரம் மேசையைப் போட்டிருந்தேன் ஒருமுறை. இடைவேளை மணி அடித்ததும் எல்லாம் கழுத்தில் கிடந்தன.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு படிகங்கள் ஒன்றோடொன்று மோதித் திரண்டு வெள்ளைத் தூரிகை போல ஆகிவிடும். அது தோல்வியல்ல, நேரம் முடிந்தது என்று பொருள். படம் எடுப்பதென்றால் இருபதாவது நிமிடத்துக்கும் நாற்பத்தைந்தாவது நிமிடத்துக்கும் இடையில் எடுங்கள்.

12. மிச்ச ஐஸில் ஒரு மேகம்

பாட்டிலில் படிகத்தைப் பார்த்தாயிற்று. மேகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல்பக்கம் திறக்கும் டீப் ஃப்ரீசர் வேண்டும், ஐஸ்கிரீம் கடையில் இருப்பது போல. பக்கவாட்டில் கதவு உள்ள ஃப்ரிட்ஜ் உதவாது. திறந்ததும் குளிர்ந்த காற்று காலில் கொட்டிவிடும்.

உள்ளே கறுப்புத் துணி விரித்து, மைனஸ் 15-ஐ ஒட்டி வைத்து, மூடியைத் திறந்து இரண்டு மூன்று முறை வாயால் ஊதுங்கள். டார்ச் வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் மூட்டம் மிதக்கும். அது பனிக்கட்டி அல்ல, தண்ணீர். உறைநிலைக்கு இவ்வளவு கீழே இருந்தும் நீர்த்துளிகளாகவே நிற்கிறது. உறையத் தொடங்க ஒரு தூசியோ துகளோ கிடைக்காவிட்டால் மிக நுண்ணிய துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் தாக்குப்பிடிக்கும்.

இப்போது கையுறை அணிந்து ஒரு டிரை ஐஸ் துண்டை மூட்டத்துக்கு மேல் பிடித்து ஆணியால் சுரண்டுங்கள். இரண்டு மூன்று துகள் விழுந்தால் போதும். 1946-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் என்ற ஆய்வாளர் ஒரு ஃப்ரீசரில் டிரை ஐஸ் போட்டுப் பார்த்ததும் இதுவே. டிரை ஐஸ் இல்லாவிட்டால், பொருட்களைச் சுற்றி வரும் பபுள் ராப் தாளை ஃப்ரீசரிலேயே குளிரவைத்து, மூட்டத்துக்குள் ஒரு குமிழை உடையுங்கள். அடைபட்ட காற்று திடீரென விரியும்போது அந்தக் கணத்தில் கடுமையாகக் குளிர்ந்து, சில நுண்துளிகளை உறையவைத்துவிடும்.

அடுத்த அரை நிமிடத்துக்கு வெளிச்சத்தை அசைக்காமல் பிடியுங்கள். மங்கலாக இருந்த மூட்டத்தில் அங்கங்கே மினுக்கென்று பொறிகள் தெரியும். துளி உருண்டையானது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒளியைச் சிதறவைக்கும். தகட்டுக்குத் தட்டையான முகம் உண்டு; சுழலும்போது கண்ணாடி போலச் சட்டெனப் பளிச்சிடும். பொறிகள் பெருகப் பெருக மூட்டம் மறையும். மைனஸ் 15 டிகிரியில் நீரின் மேல் ஆவியழுத்தம் 1.91 ஹெக்டோபாஸ்கல், பனிக்கட்டியின் மேல் 1.65. இந்த வித்தியாசத்தால் துளிகள் ஆவியாகி இளைக்கின்றன, அந்த ஆவியை வாங்கிப் படிகங்கள் பருக்கின்றன.

சென்னைக்கு மேலேயும் சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலை இருக்கிறது, சித்திரை மாதத்திலும்கூட. அதைத் தாண்டி உயரும் இடிமேகங்களுக்குள் நடப்பதும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். படிகங்கள் கனத்து விழுந்து, வழியில் உருகி, நம் தலையில் மழைத்துளியாக இறங்குகின்றன.

ஃப்ரீசரில் வளரும் படிகங்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு சிறியவை. பிடித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு கம்பி வளையத்தில் சோப்புப் படலம் எடுத்து, முன்பே உள்ளே குளிரவைத்துப் பிடியுங்கள். படிகம் விழுந்த இடத்திலிருந்து படலம் உறையத் தொடங்கும். அந்தப் புள்ளிகளை லென்ஸால் எண்ணலாம்.

13. முடித்த பிறகு

மீந்த டிரை ஐஸைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். அந்தக் குளிரில் பீங்கானும் பிளாஸ்டிக் குழாயும் விரிசல் விடும். திறந்த தெர்மாகோல் பெட்டியோடு மொட்டை மாடியில், பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். மாலைக்குள் பெட்டி காலியாகிவிடும். பாட்டிலையும் நரம்பையும் காயவைத்து எடுத்துவையுங்கள். மார்க்கர் கோடுகள் உள்ள பாட்டில் அடுத்த முறை அளக்கும் வேலையை மிச்சப்படுத்தும். ஸ்பாஞ்சை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.